மின்தூண்டலும் தசைவலிமையும்

திருகோணமலைத் துறைமுகத்தில் மூடை சுமந்தோரின் தோள்வலிமையை எவரும் பயிற்சியின் பேறெனக் கொண்டதில்லை. அது தொழில் தந்தது. உழைத்தாலன்றித் தசை வலுப்பெறாது என்னும் இவ்வனுபவ உண்மையைக் கேள்விக்குள்ளாக்கியவர் சோவியத் ஆய்வாளர் யாக்கோவ் கொட்ஸ். தேர்ந்த விளையாட்டு வீரரின் தசையை 2500 ஹேர்ட்ஸ் மின்னோட்டத்தால் 10 செக்கன் தூண்டி, 50 செக்கன் ஓய்வளித்து, இவ்வாறு பத்து முறை செய்யும் பயிற்சியை நாள்தோறும் தொடர்ந்தால் வலிமை 30 முதல் 40 வீதம் வரை உயரும் என 1977இல் மொன்றியலில் அவர் எடுத்துரைத்தார்.

பிற ஆய்வுகூடங்களில் அத்துணை உயர்வு பொதுவாகக் கிட்டவில்லை. சோவியத் ஆய்வு என்பதற்காகவே நம்மிற் சிலர் அதனை ஏற்பதும், அதே காரணத்துக்காக வேறு சிலர் தள்ளுவதும் விஞ்ஞான நோக்காகா. விளக்கம் நரம்பியக்கத்திலேயே உள்ளது. மனிதன் தானே முயலும்போது சிறிய இயக்க அலகுகள் முதலிலும் பெரியவை பின்னரும் தொழிற்படுகின்றன. ஒன்று ஓய மற்றொன்று இயங்குகின்றது. மின்துடிப்போ மின்வாய்க்கு அண்மையிலுள்ள அதே இழைகளை ஒருங்கே, மீண்டும் மீண்டும் இயக்குகின்றது. தசை விரைவிற் களைக்கின்றது. மூடை தூக்குவோனின் கால், இடுப்பு, தோள் ஆகியவற்றின் இசைவை அது கற்பிப்பதுமில்லை.

நலமுள்ளோரின் தொடைத்தசையைப் பொறுத்தவரை, எப்பயிற்சியும் செய்யாதிருப்பதைவிட மின்தூண்டல் பயன்தரலாம், ஆயின் சுயமுயற்சிப் பயிற்சியே கூடிய பயனுடையதாகத் தோன்றுகின்றது என 2005இல் வெளியான ஆய்வுத் தொகுப்பொன்று கண்டது. முழங்கால் அறுவைச் சிகிச்சையின் பின் தொடைத்தசையைத் தாமாக முழுமையாகச் சுருக்க இயலாதோர் நிலை வேறு. அவர்களுக்கு அது மருத்துவத் துணையாகின்றது.