கற்றல் மேலாண்மை அமைப்புகளில் தமிழ் வினாவமைப்பு: ஓர் உருபொலியனியல் நோக்கு

1. முன்னுரை

இணையவழிக் கல்லூரிப் பாடங்களை உருவாக்குவோர் பாடப்பொருளைத் தொகுப்பதிலும் விரிவுரைகளைப் பதிவு செய்வதிலும் மிகுந்த கவனம் செலுத்துகின்றனர். மதிப்பீட்டு வினாக்களின் மொழியமைப்பு அத்தகைய கவனத்தைப் பெறுவதில்லை. ஆயினும், மாணவனுக்குக் கிடைக்கும் மதிப்பெண்ணை முடிவு செய்வது அப்பகுதியே. 'தாவரம் நீரை எப்பகுதியில் உறிஞ்சுகிறது?' என்னும் வினாவுக்கு 'வேர்' என்பது மாதிரி விடையாகப் பதியப்பட்டிருக்க, மாணவன் 'வேரில்' என்று எழுதினால் கணினி அதனைத் தவறு எனக் கொள்ளும். மாணவன் அறிந்திருந்தான், தமிழ் இலக்கணப்படியும் சரியாகவே எழுதினான், எனினும் அவனுக்குக் கிடைப்பது சுழியம். இத்தகைய பிழைகள் தோன்றும் இடங்களை வகைப்படுத்தி, அவற்றைத் தவிர்க்கும் வழிகளைக் கூறுவது இக்கட்டுரையின் நோக்கமாகும். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் மூடில் என்னும் அமைப்பின் இயல்பை அடிப்படையாகக் கொண்டவை. மார்ட்டின் டூகியாமஸ் என்பவர் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் உருவாக்கி, 2002-ஆம் ஆண்டு முதற் பதிப்பாக வெளியிட்ட இவ்வமைப்பு கட்டணமின்றிக் கிடைப்பதால் இந்தியக் கல்லூரிகளில் பரவலாகப் பயன்படுகிறது.

2. சூழல்

இணையவழி உயர்கல்வியில் பெங்களூருக்குத் தனியிடம் உண்டு. 2003-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற என்பிடெல் திட்டத்தில் ஏழு இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களுடன் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனமும் பங்கேற்றது. 2017-ஆம் ஆண்டு சூலை 9 அன்று தொடங்கிவைக்கப்பெற்ற ஸ்வயம் தளத்தில் மேலாண்மைப் பாடங்களுக்கான தேசிய ஒருங்கிணைப்பாளராகப் பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகம் விளங்குகிறது. கர்நாடக அரசும் 2021-ஆம் ஆண்டு அரசுக் கல்லூரிகளுக்கெனக் கற்றல் மேலாண்மை அமைப்பொன்றை அறிமுகப்படுத்தியது. இந்நகரின் சில கல்லூரிகளில் தமிழ் மொழிப்பாடமாகவும் கற்பிக்கப்படுகிறது.

ஸ்வயம் பாடம் ஒவ்வொன்றும் காணொளி, படிப்புரை, கலந்துரையாடல், மதிப்பீடு என நான்கு கூறுகளை உடையது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016-ஆம் ஆண்டு விதிகள் ஒரு பருவத்துப் பாடங்களில் 20 விழுக்காடு வரை இத்தளத்தின்வழிப் பெற இடமளித்தன. 2021-ஆம் ஆண்டு விதிகள் அவ்வரம்பை 40 விழுக்காடாக உயர்த்தின. என்பிடெல் சான்றிதழ்ப் பாடங்களில் வாரப் பயிற்சிகளுக்கு 25 விழுக்காடும் இறுதித் தேர்வுக்கு 75 விழுக்காடும் மதிப்பெண் ஒதுக்கப்படுகின்றன. அண்ணா பல்கலைக்கழகம் 2010-ஆம் ஆண்டு கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியிலும் தொடங்கியது. எனவே கணினி திருத்தும் தமிழ் வினா என்பது வெறும் பயிற்சிப் பொருளன்று, பட்டத்தோடு தொடர்புடையது.

3. குறுவிடை வினாக்களும் பெயரின் ஈறும்

3.1 கணினி மாணவனின் விடையை மாதிரி விடையோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுகிறது. ஆங்கிலப் பெயர்ச்சொல் வாக்கியத்தில் எங்கு வரினும் பன்மை ஈறு தவிரப் பெரும்பாலும் மாறுவதில்லை. தமிழ்ப் பெயரோ வேற்றுமை ஏற்கும்போது தன் ஈற்றையே மாற்றிக்கொள்கிறது. இம்மாற்றங்களைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

(1) மெய்யீறு: வேர் – வேரை, வேரில்
(2) மகர ஈறு: மரம் – மரத்தை, மரத்தில்
(3) குற்றியலுகர ஈறு: காற்று – காற்றை, காற்றில்
(4) ஒற்று இரட்டித்தல்: நாடு – நாட்டை, ஆறு – ஆற்றில்
(5) உயிரீறு: இலை – இலையை, இலையில்

இவற்றுள் ஐந்தாம் வகையில் மட்டுமே பெயரின் வடிவம் முழுமையாக நிலைபெறுகிறது.

3.2 விடையின் ஒரு பகுதியை நெகிழ்வாகக் கொள்வதற்கு மூடில் உடுக்குறியை (*) இடமாற்றுக் குறியாக ஏற்கிறது. அது நிற்கும் இடத்தில் எவ்வெழுத்தும் வரலாம். ஆங்கிலப் பழக்கத்தைப் பின்பற்றி 'வேர்*' எனப் பதிந்தால் 'வேர்கள்' என்பது ஏற்கப்படும்; 'வேரில்' ஏற்கப்படாது. இதற்குக் காரணம் ஒருங்குறியில் தமிழ் எழுத்துகள் அமைந்துள்ள முறையாகும். அதில் அகரமேறிய மெய்யே அடிப்படைக் குறி. புள்ளி அதனை அடுத்து வரும் தனிக் குறி. 'வேர்' என்பதன் இறுதியில் ரகரமும் புள்ளியும் உள்ளன. 'வேரில்' என்பதில் அந்தப் புள்ளியின் இடத்தில் இகரக் குறி வந்துவிடுகிறது.

புள்ளியை நீக்கி 'வேர*' எனப் பதிந்தால் வேர், வேரை, வேரில், வேர்கள் ஆகிய அனைத்தும் ஏற்கப்படும். இவ்வாறே 'காற்ற*' என்பது காற்று, காற்றை ஆகியவற்றையும், 'நாட*' என்பது நாடு, நாட்டை ஆகியவற்றையும் தழுவும். பின்னதில் இரட்டிக்கும் டகரம் முதல் டகரத்திற்குப் பின் வருவதால் இடர் எழவில்லை. மகர ஈற்றுப் பெயருக்கு இறுதி மகரத்தையே விலக்கி 'மர*' எனப் பதிதல் வேண்டும். சுருங்கக் கூறின், விடையின் இறுதிக் குறியை நீக்குவதும், மகர ஈறாயின் மகரத்தையும் சேர்த்து நீக்குவதும் பொது விதியாகும்.

இவ்விதிக்கு விலை உண்டு. 'வேர*' என்பது வேர்வை, வேர்க்கடலை ஆகியவற்றையும், 'நாட*' என்பது நாடகத்தையும், 'மர*' என்பது மரபணுவையும் சரியெனக் கொள்ளும். உயிரியல் பாடத்தில் மரம் எனும் விடைக்கு மரபணு என்று எழுதியவனுக்கு முழு மதிப்பெண் கிடைப்பது முறையன்று. மூடிலில் பதியப்பட்ட விடைகள் வரிசைப்படி ஒப்பிடப்பட்டு, முதலில் பொருந்துவதே கொள்ளப்படும். ஆதலின் 'மரப*' என்பதைச் சுழியம் மதிப்பெண்ணுடன் முதலிலும், 'மர*' என்பதை முழு மதிப்பெண்ணுடன் அதன் பின்னும் பதிவதால் இவ்விடர் பெரிதும் நீங்கும்.

3.3 பெங்களூர்ச் சூழலில் கன்னடத்தோடு ஒப்பிடுதல் பயனுடையது. தமிழ் 'மரம்' என்பதற்கு இணையான கன்னடப் பெயர் 'மர' என உயிரீற்றில் முடிகிறது. 'மரவன்னு', 'மரதல்லி' என வேற்றுமை ஏற்கும்போதும் அதன் வடிவம் சிதைவதில்லை. எனவே கன்னட வினாவில் 'மர*' என்பது முழுச் சொல்லையே அடிப்படையாகக் கொண்டது. தமிழில் அதே பதிவு குறைச்சொல்லைச் சார்ந்தது. ஆனால் 'ஊரு' என்னும் கன்னடச் சொல் 'ஊரன்னு' என இறுதி உகரத்தை இழப்பதால் அங்கே தமிழின் குற்றியலுகரச் சிக்கலே எழுகிறது. ஒரே பாடத்தின் வினாத்தாளை இருமொழிகளிலும் அமைப்போர் விடைப்பதிவை ஒரு மொழியிலிருந்து மற்றொன்றுக்கு அப்படியே பெயர்த்தல் இயலாது என்பது இதனால் பெறப்படும்.

4. விடையைக் காட்டிக்கொடுக்கும் இலக்கணம்

மேற்கூறியது சரியான விடை தவறாகும் நிலை. விடை அறியாதவனும் இலக்கணக் குறிப்பால் அதனைக் கண்டுகொள்ளும் நிலை இதற்கு எதிரானது. கோடிட்ட இடத்தை நிரப்பும் வினாக்களிலும், விடைகளைத் தந்து தேர்ந்தெடுக்கச் செய்யும் வினாக்களிலும் இது காணப்படுகிறது.

(6) முதலாம் இராசராசன் காலத்தில் சோழர்களின் தலைநகராகத் ______ விளங்கியது.
(தஞ்சாவூர், மதுரை, காஞ்சிபுரம், வஞ்சி)

'தலைநகராக' என்பதன் பின் மிகுந்துள்ள தகர ஒற்று, விடை தகரத்தில் தொடங்குவது எனக் காட்டிவிடுகிறது. ஒற்றை நீக்கினால் பிழையான தொடர் ஆகும். இங்குத் தொடரையே மாற்றி, 'முதலாம் இராசராசன் காலத்தில் சோழர்களின் தலைநகர் எது?' என வினவுதல் தக்கது.

(7) தமிழ்ப் பேரகராதியை ______ வெளியிட்டது.
(வையாபுரிப்பிள்ளை, சென்னைப் பல்கலைக்கழகம், ...)

இதில் 'வெளியிட்டது' என்னும் அஃறிணை முற்று, உயர்திணைப் பெயர்களை விலக்கிவிடுகிறது. அகராதியின் பதிப்பாசிரியரையும் வெளியீட்டாளரையும் மாணவன் வேறுபடுத்தி அறிகிறானா என்பதே வினாவின் நோக்கம். அந்நோக்கம் திணை விகுதியால் முறியடிக்கப்படுகிறது. 'தமிழ்ப் பேரகராதியின் வெளியீட்டாளர்: ______' என்னும் பெயர்த்தொடர் இக்குறையை நீக்கும். கோட்டுக்கு முன் வரும் ஒரு, ஓர் என்னும் சொற்களும் விடையின் முதலெழுத்தை உணர்த்தும் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

விடைகளின் வரிசையை ஒவ்வொரு மாணவனுக்கும் மாற்றியமைக்கும் வசதி இவ்வமைப்புகளில் உண்டு. அச்சு வினாத்தாளிலிருந்து அப்படியே எடுத்த 'மேற்கூறிய அனைத்தும்' என்னும் விடை அப்போது முதலிடத்தில் தோன்றினால் பொருளற்றதாகிவிடும். 'இவை அனைத்தும்' என்பது எவ்விடத்தும் பொருந்தும். விளக்கக் குறிப்பில் 'ஆ என்பதே சரி' என எழுதுவதற்கும் இதே தடை உண்டு. விடையின் சொல்லையே அங்கு எழுத வேண்டும்.

5. கலைச்சொல்லும் எழுத்துக் குறியேற்றமும்

தமிழில் ஒரு கருத்துக்குப் பல கலைச்சொற்கள் வழங்குகின்றன. ஆக்சிஜன், ஆக்ஸிஜன், உயிர்வளி ஆகியவை தமிழகத்திலும், ஒட்சிசன் என்பது இலங்கையிலும் வழங்குவன. கரியமில வாயு என்பதும் கார்பன் டை ஆக்சைடு என்பதும் ஒரே பொருளின் பெயர்கள். பின்னதை இடைவெளி விட்டும் சேர்த்தும் எழுதுவர். எந்தச் சொல்லைப் பாடம் ஏற்கிறது என்பதைப் படிப்புரையில் ஒருமைப்படுத்துவது மொழிபெயர்ப்பாளரின் கடமை. பிற வடிவங்களையும் சரியான விடைகளாகப் பதிவது வினா அமைப்போரின் கடமை. வினா அறிவியல் அறிவைச் சோதிக்கிறதேயன்றி எழுத்துக்கூட்டலைச் சோதிப்பதன்று.

கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் எழுத்து கணினிக்கு வேறாக இருத்தலும் உண்டு. 'கொ' என்பதைக் ககரமும் ஒரே ஒகரக் குறியுமாகவும், ககரமும் எகரக் குறியும் கால் குறியுமாகவும் பதியலாம். ஒருங்குறித் தரம் இவ்விரண்டையும் சமமானவை எனக் கொள்கிறது. மூடில் ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் ஒரு வடிவாக்கிக்கொள்வதால் இங்குச் சிக்கல் இல்லை. ஆனால் 'கௌதமர்' என்பதற்கு 'கெளதமர்' எனவும், 'ஔவை' என்பதற்கு 'ஒளவை' எனவும் ளகரத்தை இட்டு எழுதுவது பரவலான வழக்கம். இவை ஒருங்குறியில் வேறுவேறு எழுத்துத் தொடர்கள். எந்த ஒருமைப்பாட்டு முறையும் இவற்றை இணைப்பதில்லை. ஔகாரம் வரும் விடைகளுக்கு இரு வடிவங்களையும் பதிதல் இன்றியமையாதது.

6. இடைமுக மொழி

வினாக்களைச் சூழ்ந்துள்ள அறிவிப்புகளும் பொத்தான்களும் மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பில் அடங்கும். அறிவிப்புகளில் பாடப்பெயர் முதலியன வரும் இடத்தில் ஓர் இடநிரப்பி வைக்கப்படும். இடநிரப்பியோடு உருபை நேரே சேர்த்தால் 'தமிழ் இலக்கணம்-இல் புதிய வினா' என்பது போன்ற பிழைத்தொடர் தோன்றும். 'என்னும் பாடத்தில்' என்பதை இடையே வைத்தால் 'தமிழ் இலக்கணம் என்னும் பாடத்தில் புதிய வினா' என எப்பெயருக்கும் பொருந்தும். எண் வரும் இடங்களிலும் '1 வினாக்கள்' என்பது போன்ற தொடர் தோன்றாதவாறு 'வினாக்களின் எண்ணிக்கை: 1' என அமைக்கலாம்.

பொத்தான்களுக்கு 'சேமி', 'எழுது' என ஏவல் ஒருமை வழங்குவதுண்டு. மாணவன் கணினிக்கு இடும் கட்டளையாகக் கொண்டால் அது பொருந்தும். கணினி மாணவனுக்குக் கூறுவதாகக் கொண்டால் மரியாதைக் குறைவாகத் தோன்றும். 'எழுதுக', 'விளக்குக' என்னும் வியங்கோள் தமிழ் வினாத்தாள்களில் நெடுங்காலமாக நிலைபெற்றது. 'சேமிக்க', 'செல்க', 'எழுதுக' என அதனையே எங்கும் கொண்டால் இரு நோக்கிலும் பொருந்தும். 'சேமிக்க' என்பது செயவென் எச்சமாகவும் வியங்கோளாகவும் ஒருங்கே நிற்பதும், 'எழுத', 'எழுதுக' என்பன வேறுபடுவதும் கருதி, ஒரு திரையில் இரு வடிவங்களும் கலவாதிருத்தல் வேண்டும்.

7. வினா அமைப்போருக்குரிய நெறிகள்

மேற்கண்டவற்றிலிருந்து பின்வரும் நெறிகள் பெறப்படுகின்றன. முதலாவது, குறுவிடை வினா எழுவாய் வேற்றுமையில் விடை வேண்டுவதாக அமைதல் வேண்டும். 'எப்பகுதியில் உறிஞ்சுகிறது?' என்பதைவிட 'உறிஞ்சும் உறுப்பு எது?' என்பதே சிறந்தது. முன்னதற்கு 'வேரில்' என்பதே இயல்பான தமிழ் விடை. பிழை மாணவனுடையதன்று, வினாவினுடையது. இரண்டாவது, வினாவின் கீழ் 'ஒரே சொல்லில், உருபின்றி எழுதுக. எ.கா. மலை' என மாதிரி தருதல் நலம். மூன்றாவது, கோட்டுக்கு முன் ஒற்று மிகும் தொடரையும், திணை பால் காட்டும் முற்றையும் தவிர்த்தல் வேண்டும். நான்காவது, முதல் தேர்வு முடிந்தபின் மாணவர்களின் விடைகளை ஒருமுறை கண்ணால் படித்தல் வேண்டும். விடுபட்ட சரியான வடிவங்களைச் சேர்த்து அனைவர் தாள்களையும் மீண்டும் மதிப்பிடச் செய்யும் வசதி மூடிலில் உள்ளது. எந்த இலக்கண விதியும் முன்கூட்டிக் காட்டாத வடிவங்களை அவ்விடைகளே காட்டும்.

8. முடிவுரை

உருபனியல் பகுப்பாய்வு செய்யும் நிரல்கள் தமிழுக்கு உருவாக்கப்பட்டுள்ளன. அவை வினா ஒப்பீட்டோடு இணைக்கப்படுமாயின் உடுக்குறியை நம்பியிருக்கும் நிலை மாறும். அதுவரை இப்பணி வினா அமைப்போரின் மொழியறிவையே சார்ந்தது. பாடத்தை உருவாக்கும் குழுவில் பாட வல்லுநரும் நிரலாளரும் இடம்பெறுவது போலவே மொழியியல் அறிந்த ஒருவரும் வினாக்கள் பதியப்படும் நாளிலேயே இடம்பெறுதல் வேண்டும். முடிந்த பாடத்தைப் பின்னர் மெருகேற்ற அவரை அழைப்பதால் பயன் மிகுதியில்லை. அதற்குள் 'வேரில்' என்று எழுதிய மாணவன் தன் மதிப்பெண்ணை இழந்திருப்பான்.