‘காம்ப்’ என்று எதைச் சொல்கிறோம்?

பாலாவியிலிருந்து கற்பிட்டி செல்லும் வீதியில் ‘காம்ப்’ என்ற ஆங்கிலச் சொல் ஒரே நாளில் நான்கைந்து பொருளில் காதில் விழும். பஸ்ஸில் ஒருவர் “காம்படியில இறக்கிவிடுங்க” என்றால், அவர் தன் வீட்டுக்குப் போகிறார். கற்பிட்டியின் ஒல்லாந்தர் கோட்டைப் பக்கம் ‘காம்ப்’ என்றால் கடற்படை. பாடசாலைப் பிள்ளைக்கு அது சாரணர் காம்ப், வைத்தியசாலையில் இரத்ததான காம்ப். காற்றாடிச் சறுக்கல் பழக இந்தக் கடற்கரைக்கு வரும் வெளிநாட்டவருக்கோ அது ஓலைக் குடிலில் தங்கும் ஒரு விடுமுறை.

எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு இரண்டே பொருள்தான் இருந்தன. ஒன்று ஆமிக் காம்ப். மற்றது, 2009இல் எங்கள் உறவினர் சிலர் அடைக்கப்பட்டிருந்த செட்டிகுளம் மெனிக் பாம். ‘காம்ப்’ என்பதை வீடு என்ற பொருளில் நான் முதலில் கேட்டது புத்தளத்தில்தான்.

சொல்லின் வேர்

இலத்தீன் மொழியில் ‘கம்பஸ்’ என்றால் திறந்த வெளி, சமதரை. ரோம் நகரில் படைகள் பயிற்சி செய்த வெளிக்கு, போர்த் தெய்வமான மார்ஸின் பெயரோடு சேர்த்து இந்தச் சொல்லையே வழங்கினார்கள். பின்னர் அது படை தங்கும் இடத்தைக் குறித்தது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபின், யார் தற்காலிகமாகத் தங்கினாலும் அந்த இடம் காம்ப் ஆனது. நாம் பல்கலைக்கழகத்துக்குச் சொல்லும் ‘கம்பஸ்’, தேர்தல் ‘கம்பெய்ன்’, விளையாட்டு ‘சம்பியன்’ ஆகியவையும் அதே வேரில் வந்தவைதான். காம்பில் வளர்ந்து கம்பஸுக்குப் போன பிள்ளைகள் புத்தளத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். இரண்டும் ஒரே சொல்லின் கிளைகள் என்று சொன்னபோது அவர்களில் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார்.

போருக்குப் போன மன்னன் தங்கிய இடத்தைச் சங்க இலக்கியம் பாசறை என்றது. இன்று நாம் எழுதும் ‘முகாம்’ அரபு மொழியின் ‘மகாம்’ என்பதிலிருந்து உருது வழியாக வந்தது. நிற்கும் இடம் என்பது அதன் பொருள். மக்காவில் கஃபாவுக்கு அருகே உள்ள மகாமு இப்ராஹீமில் இருப்பதும் இதே சொல்தான்.

பாசறை, முகாம், காம்ப் ஆகிய மூன்றிலும் பொதுவான ஒன்று உண்டு. வந்தவர் போய்விடுவார் என்பதே அது.

போகாமல் நின்றவை

ஆனால் காம்புகள் எப்போதும் கலைந்து போவதில்லை. இராமேஸ்வரம் ரயில் பாதையில் ‘மண்டபம் கேம்ப்’ என்றே ஒரு நிலையம் இருக்கிறது. இலங்கைத் தோட்டங்களுக்கு வேலைக்கு அனுப்பப்பட்ட தொழிலாளர்களை நோய்த்தடுப்புக்காகத் தடுத்து வைத்த இடம் அது. 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து தப்பிச் சென்றவர்கள் அங்கேதான் பதிவு செய்யப்பட்டார்கள்.

1990 ஒக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணிநேரம். வெளியேற்றப்பட்டவர்கள் எழுபதாயிரத்துக்கும் மேல். மன்னார்த் தீவிலிருந்து பலர் வள்ளங்களில் கற்பிட்டிக்கு வந்து இறங்கினார்கள். பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் நிறைந்தன. பிறகு தென்னந்தோட்டங்களில் கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன. அரசாங்கப் பத்திரங்களில் அவை ‘நலன்புரி நிலையங்கள்’. மக்கள் வாயில் காம்ப்.

அதன்பின் பலர் காணி வாங்கினார்கள். 2007இல் உலக வங்கியின் நிதியோடு தொடங்கிய வீடமைப்புத் திட்டத்தில் கல்வீடுகள் எழுந்தன. கிடுகு போய் ஓடு வந்தது, ஆனாலும் பெயர் மாறவில்லை. அங்கே பிறந்து, திருமணம் முடித்து, பிள்ளை பெற்றவரையும் அயலூரார் ‘காம்ப் ஆள்’ என்கிறார்கள். அவரே மன்னாருக்குப் போனால் ‘புத்தளத்தார்’ ஆகிவிடுகிறார்.

பெயரால் வரும் வினை

அரசுகள் இந்தச் சொல்லுக்கு அஞ்சுகின்றன. மெனிக் பாமில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோரை முட்கம்பிக்குள் வைத்திருந்தபோது அதை ‘நலன்புரிக் கிராமம்’ என்றார்கள். 2012 செப்டெம்பரில்தான் அது மூடப்பட்டது. தமிழ்நாட்டில் 2021இல் அகதி முகாம்கள் ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள்’ எனப் பெயர் மாற்றப்பட்டன. ‘அகதி’ போனது நல்லதே. ‘முகாம்’ மட்டும் அங்கேயே நிற்கிறது.

பெயர் வெறும் பெயராக நிற்பதில்லை. போர் முடிந்தபின் உதவி நிறுவனங்களும் அரசும் இடம்பெயர்ந்தோரை இரண்டாகப் பிரித்தன. 2008 ஏப்ரலுக்கு முன் இடம்பெயர்ந்தவர்கள் ‘பழையவர்கள்’, பின்னர் இடம்பெயர்ந்தவர்கள் ‘புதியவர்கள்’. மெனிக் பாம் மக்களின் தேவை அவசரமானது என்பதில் ஐயமில்லை. ஆனால் ‘பழையவர்’ என்ற ஒரு சொல் வடக்கு முஸ்லிம்களை வரிசையின் பின்னால் தள்ளியது. ஊருக்குத் திரும்பினால் வீட்டுத்திட்டம் இல்லை. புத்தளத்தில் இருந்தால், ‘இங்கே வீடு இருக்கிறதே’ என்ற கேள்வி.

வாக்கும் இப்படித்தான். 2019 நவம்பர் 16, ஜனாதிபதித் தேர்தல் நாளன்று, மன்னாரில் வாக்களிக்கப் புத்தளத்திலிருந்து சென்றவர்களின் பஸ்கள் தந்திரிமலைப் பகுதியில் துப்பாக்கிச் சூட்டுக்கும் கல்வீச்சுக்கும் உள்ளாகின. இருபத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகும் ஒரு மாவட்டத்தில் வாழ்ந்து இன்னொரு மாவட்டத்தில் வாக்களிக்க வேண்டியிருந்த மக்கள் அவர்கள்.

வடக்கிலுள்ள நாம் இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. காம்பில் இருக்கிறார்கள் என்று சொல்லும்போது, யார் அவர்களை அங்கே அனுப்பியது என்ற கேள்வி அந்தச் சொல்லுக்குள் மறைந்துவிடுகிறது. மெனிக் பாமைப் பற்றிப் பேசும்போது முட்கம்பியையும் அதைப் போட்டவர்களையும் சேர்த்தே பேசுகிறோம். புத்தளத்தைப் பற்றிப் பேசும்போதும் அப்படியே பேச வேண்டும்.

அந்த மக்கள் தங்கள் விடையை எப்போதோ சொல்லிவிட்டார்கள். பாலாவிக்கு அருகே நாகவில்லில், விட்டு வந்த எருக்கலம்பிட்டியின் பெயரைத் தங்கள் பாடசாலைக்கே வைத்திருக்கிறார்கள். படிவம் நிரப்பும் அலுவலரும் செய்தி எழுதும் என்னைப் போன்றவர்களும் “எந்தக் காம்ப்?” என்று கேட்பதை விட்டு, “எந்த ஊர்?” என்று கேட்கலாம். பலர் இரண்டு ஊர் சொல்வார்கள். இரண்டையும் எழுத இடம் விட வேண்டும்.