பதிவிலக்கம் பிறக்கும் வேளை

தரவுத்தளத்திற் பதிவிலக்கத்தை ஆக்குவது தளமேயன்றிப் படிவமன்று. இஃதறியாதார், உள்ளவற்றுட் பேரிலக்கத்தோடு ஒன்று கூட்டிப் படிவத்திற் காட்டுவர். கல்லூரி அலுவலகத்தில் இருவர் ஒரே வேளையிற் கட்டணம் பதிவராயின், இருவர்க்கும் ஓரிலக்கமே தோன்றும். அதனைப் பற்றுச்சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டாலோ, ஒரு மாணவன் செலுத்திய பணம் மற்றொருவன் கணக்கிற் சேர்தலுங் கூடும்.

அக்சஸ் தன் சொந்த அட்டவணையில் முதலெழுத்துத் தட்டியவுடனேயே இலக்கம் வழங்கும். எஸ்.கியூ.எல். சேர்வரோ பதிவு சேமிக்கப்படும்போதே வழங்கும். ஆதலின் அதுவரை அக்கட்டத்தை வெறிதே விடுக. வெறுங்கட்டம் கண்டாற் சிலர்க்கு மனம் பொறாது, என் செய்வது! சேமித்தபின் தளத்தையே வினவிக் காட்டுதல் முறை. மைஎஸ்கியூஎல்லில் இதற்கென அமைந்த சார்பு, அவ்விணைப்பில் இறுதியாகப் பிறந்த இலக்கத்தையே தரும். பிறர் பதிந்தது குறுக்கிடாது. கைவிட்ட பதிவின் இலக்கம் பெரும்பாலும் மீள வழங்கப்படாமையின், வரிசையில் இடைவெளி விழும், அது பிழையன்று.