மிதி ஏன் இறங்கியது?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவர்

“பாஸ்கல் விதியைக் கூறி விளக்குக.” சென்ற ஆண்டுத் தேர்வில் இந்த வினாவுக்கு நான் முழு மதிப்பெண் பெற்றேன். ஆனால் அதே விதியைப் பற்றி என் தந்தையார் கேட்ட ஒரு கேள்விக்கு விடை சொல்ல எனக்கு இரண்டு நாள் பிடித்தது. அந்த விடையே இக்கட்டுரை.

என் தந்தையார் கார் ஓட்டுநர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அவர் ஓட்டுவது முதலாளி ஒருவரின் பழைய அம்பாசிடர். 1958 முதல் 2014 வரை நம் நாட்டில் தயாரான கார். கடந்த கோடையில் முதலாளி வீட்டாரை ஏற்காட்டிலிருந்து இறக்கிக்கொண்டு வந்தார். சேலம் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பாதி கடப்பதற்குள் பிரேக் மிதி பஞ்சுபோல் உள்ளே போய்விட்டது. இரண்டாம் கியருக்கு மாற்றி, கைப்பிரேக்கை இழுத்து, மலையோரமாக நிறுத்தினார். சிறிது நேரம் கழித்து மிதித்துப் பார்த்தால் மிதி பழையபடி கெட்டியாக இருந்ததாம்!

மறுநாள் என்னிடம் கேட்டார்: “ஆயிலும் குறையலை, எங்கியும் ஒழுகவும் இல்லை. அப்புறம் ஏன் கண்ணு பெடல் இறங்குச்சு? காலேஜுல இதெல்லாம் சொல்லித் தரமாட்டாங்களா?”

காலிலிருந்து சக்கரத்துக்கு

அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவும் என்பது பாஸ்கல் (1623–1662) கண்ட உண்மை. கணக்குக்காக, நாம் 20 கிலோ விசையுடன் மிதிப்பதாகக் கொள்வோம். மிதி ஒரு நெம்புகோல். அது விசையை ஐந்து மடங்காக்கினால் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் மீது 100 கிலோ விழும். பிஸ்டனின் பரப்பு 4 சதுர சென்டிமீட்டர் என்றால், அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 25 கிலோ. இதே அழுத்தம் குழாய்கள் வழியே நான்கு சக்கரங்களுக்கும் சென்று, பிரேக் ஷூக்களை டிரம்மோடு அழுத்துகிறது.

இவையனைத்தும் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டவை. குழாய்க்குள் திரவம் மட்டுமே இருக்க வேண்டும். திரவம் சுருங்குவது மிகச் சொற்பம். வாயுவோ பாயில் விதிப்படி எளிதில் சுருங்கும். வாயு புகுந்தால் நம் மிதி அதைச் சுருக்குவதிலேயே தீர்ந்துபோகும். ஷூவை அழுத்த ஒன்றும் மிஞ்சாது.

மிதி சொல்லும் சேதி

மிதி இறங்கினால் உடனே ஆயில் ஊற்றுவது பலருடைய வழக்கம். அதற்கு முன், அது எப்படி இறங்குகிறது என்று கவனிக்க வேண்டும். வண்டியை நிறுத்தி வைத்து, எங்கள் பேட்டை மெக்கானிக் அண்ணன் சொல்லிக் கொடுத்தபடி ஒவ்வொன்றாகச் சோதித்தோம்.

1. முதல் மிதி ஆழமாகப் போய், இரண்டு மூன்று முறை மிதித்ததும் மேலே வந்து கல்போல் நின்றால், ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடியிருக்கிறது. அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். தேய்ந்திருந்தால் ஷூவை மாற்ற வேண்டும்.

2. மேலே வந்தாலும் ஸ்பிரிங் போலத் துள்ளினால், காற்றுப் பிடித்திருக்கிறது.

3. காலை அழுத்தி வைத்திருக்கும்போதே மெல்ல மெல்ல இறங்கினால், கசிவு. சக்கரங்களின் உட்புறத்திலும் குழாய்களிலும் ஈரம் இல்லாவிட்டால், மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்து, திரவம் பின்பக்கம் நழுவுகிறது.

4. ஒருவர் மிதிக்கும்போது ரப்பர் ஹோஸ் புடைப்பது மற்றவர் கண்ணில் பட்டால், ஹோஸ் பழசாகிவிட்டது.

எங்கள் வண்டி நான்கு சோதனைகளிலும் தேறியது! குளிர்ந்த வண்டியில் குற்றமே இல்லை. அப்படியானால் சூட்டில் மட்டும் தோன்றி, ஆறியதும் மறைந்த அந்த வாயு எது?

ஆயிலுக்குள் இருந்த நீர்

பிரேக் ஆயில் என்கிறோமே தவிர, அது எண்ணெய் அன்று. கிளைக்கால் வகைத் திரவம். உப்பைப் போல அதுவும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட்-3 தரத் திரவம் புதிதாக இருக்கையில் 205 டிகிரி செல்சியஸ் வரையாவது கொதிக்கக் கூடாது. 3.7 சதவீதம் நீர் சேர்ந்தபின் அந்த வரம்பு 140 டிகிரிதான். மலை இறக்கத்தில் ஓயாமல் மிதித்ததில் டிரம்கள் கொதித்தன, அவற்றை ஒட்டிய சிலிண்டர்களில் திரவம் ஆவியாயிற்று, மிதி பஞ்சாயிற்று. ஆறியதும் ஆவி மீண்டும் திரவமாயிற்று. கைப்பிரேக் கம்பியால் இயங்குவது, திரவத்தை நம்பாதது. அதனால்தான் அது கைகொடுத்தது.

டப்பா மூடியைத் திறந்தோம். வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டியது வரக்காப்பி நிறத்தில் இருந்தது. அதை மாற்றி எத்தனை வருடம் ஆயிற்று என்று தந்தையாருக்கு நினைவில்லை. குறையும்போது ஊற்றியதோடு சரி.

மெக்கானிக் அண்ணன் உடனிருக்க, பழையதை முழுவதும் வெளியேற்றினோம். மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவான இடது பின் சக்கரத்தில் தொடங்கினோம். நிப்பிளில் ஒரு டியூபை மாட்டி, மறுமுனையைச் சிறிது புதுத் திரவம் உள்ள கண்ணாடிப் பாட்டிலில் அமிழ்த்தினோம். தந்தையார் மிதித்ததும் நிப்பிளைத் திறப்பேன். அவர் காலை எடுக்குமுன் மூடிவிடுவேன். மூட மறந்தால் காற்று உள்ளே ஏறிவிடும். குமிழி நின்று, தெளிந்த திரவம் வரும்வரை இப்படியே நான்கு சக்கரங்களுக்கும் செய்தோம். டப்பா காலியாகாமல் பார்த்துக்கொண்டோம். வடித்ததை மீண்டும் ஊற்றவில்லை. என்ஜின் ஆயிலை இதில் ஒருபோதும் ஊற்றலாகாது. ரப்பர் வாஷர்கள் உப்பிக் கெட்டுவிடும்.

பழைய கார் வைத்திருக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கும் நண்பர்களுக்கும் என் வேண்டுகோள் இரண்டு. இரண்டு ஆண்டுக்கொரு முறை பிரேக் திரவத்தை மாற்றுங்கள். மலை இறங்கும்போது சிறு கியரில் இறங்கி, பாரத்தில் பாதியை என்ஜினிடம் விட்டுவிடுங்கள்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். அடுத்த ஞாயிறன்று தந்தையார் தனியாக ஏற்காடு ஏறி இறங்கி வந்தார். “கடைசி வளைவு வரைக்கும் கெட்டியா இருந்துச்சு கண்ணு” என்றார். தேர்வில் பெற்ற முழு மதிப்பெண்ணைவிட அந்தச் சொல் எனக்குப் பெரிது.