ஒரு துண்டுத் தோல்

பழைய பெல்ட், பக்கிள், தோல் பை இவற்றைச் சிலர் தேடிச் சேர்க்கிறார்கள். ஏன்? பட்டாளத்துப் பெல்ட்டின் பக்கிளில் பெரும்பாலும் படையின் சின்னம் இருக்கும். அது யார் ஆட்சி, எந்தக் காலம் என்று சொல்லும்.

ஒரு தோல் பொருள் தமிழ்நாட்டில் பெரிய கலகத்தையே மூட்டியது. இடம் வேலூர்க் கோட்டை. ஆண்டு 1806.

அப்போது வெள்ளைக்காரக் கம்பெனி ஆட்சி. சிப்பாய்களுக்குப் புதுத் தலைப்பாகை கொடுத்தார்கள். அதில் தோலால் செய்த வில்லை இருந்தது. நெற்றிக் குறி கூடாது, கடுக்கன் கூடாது, தாடி கூடாது என்றும் உத்தரவிட்டார்கள். தோல் பசுவுடையது, பன்றியுடையது என்று பேச்சுப் பரவியது. சிப்பாய்களின் மனம் கொதித்தது. ஜூலை 10-ஆம் தேதி விடியுமுன் துப்பாக்கி எடுத்தார்கள். ஆர்க்காட்டிலிருந்து குதிரைப்படை வந்தது. அன்றே கலகத்தை அடக்கியது. பல நூறு பேர் இறந்தார்கள். பிறகு அந்த உத்தரவு ரத்தானது.

திப்பு சுல்தானின் பிள்ளைகள் அந்தக் கோட்டையில்தான் காவலில் இருந்தார்கள். கலகத்துக்குப் பின் கம்பெனி அவர்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பியது. அங்கே டாலிகஞ்ச் பகுதியில் குடும்பம் தங்கியது. திப்புவின் மகன் குலாம் முகமது கட்டிய பள்ளிவாசல் அங்கே இன்றும் உள்ளது.

உங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் பெல்ட் இருக்கிறதா? எறிந்துவிடாதீர்கள். உலர்ந்த துணியால் துடையுங்கள். ஈரமும் வெயிலும் படாமல் வையுங்கள். அது யாருடையது, எந்த ஆண்டு என்று ஒரு சீட்டில் எழுதிக் கூடவே வையுங்கள். இப்போது உங்களுக்கு எழுதத் தெரியுமே!