தர்மபுரிக்கு எத்தனை எழுத்து?

"தர்மபுரி" என்ற பெயரில் எத்தனை எழுத்துக்கள்? பள்ளிப் பிள்ளையைக் கேட்டால் விரல் விட்டு எண்ணி, "ஐந்து" என்று சொல்லும். கம்ப்யூட்டரைக் கேட்டால், "எட்டு" என்கிறது! யார் சொல்வது சரி?

இரண்டு கணக்கும் சரியே. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவாக வகுக்கப்பட்ட யூனிகோடு முறையில், "ர்" என்பது ஓர் எழுத்தன்று. ரகரத்துக்கு ஓர் எண், மேலுள்ள புள்ளிக்கு மற்றோர் எண். "பு"வும் "ரி"யும் அப்படியே இரண்டிரண்டு. ஆக எட்டு. இதைப் பெரும்பாலோர் கையாளும் யூ.டி.எப்.-8 முறையில் சேமித்தால், தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் இடம் பிடிக்கும். நம் ஐந்தெழுத்து ஊருக்கு 24 பைட் வேண்டும்.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்கிறீர்களா? ஊர்ப் பெயருக்கு 20 பைட் போதும் என்று ஒருவர் கட்டம் போட்டு விட்டதாக வைத்துக் கொள்வோம். ஆங்கிலத்தில் பத்தே எழுத்து, தாராளமாக அடங்கும். தமிழில் எழுதினாலோ "தர்மபு" வரைதான் ஒழுங்காக நிற்கும். இதே கதி ஓய்வூதியம் கேட்கும் ஒரு மூதாட்டியின் பெயருக்கு நேர்ந்தால்? ஒரு ஏட்டில் முழுப் பெயர், மறு ஏட்டில் வால் அறுந்த பெயர். "பெயர் ஒத்துப் போகவில்லை" என்று மனு திரும்பி வரும். பாட்டி பஸ் ஏறி மறுபடி வர வேண்டும்.

இத்தகைய தொல்லைகளை முன்கூட்டியே எண்ணிப் பார்த்து வேலை செய்யும் சாஸ்திரத்துக்கு மென்பொருள் பொறியியல் என்று பெயர். 1968 அக்டோபரில் ஜெர்மனியில் கார்மிஷ் என்ற ஊரில் நேட்டோ அமைப்பின் ஆதரவில் நிபுணர்கள் கூடினார்கள். பெரிய புரோகிராம்கள் காலத்தில் முடிவதில்லை, முடிந்தாலும் பிழை மலிந்து கிடக்கின்றன என்பதே அவர்கள் கவலை. அந்த மாநாட்டுக்குப் பிறகே இந்தப் பெயர் பரவலாயிற்று.

புரோகிராம் எழுதுவது இதில் ஒரு பங்குதான். அதற்கு முன் கேட்டறிய வேண்டியது ஏராளம். தர்மபுரியா, தருமபுரியா? இரண்டும் வழக்கில் உள்ளன. ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. நம்மவருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இன்ஷியல்தான். "குடும்பப் பெயர் கட்டாயம்" என்று கேட்கும் படிவத்தில் தகப்பனார் பெயரைப் போட்டு அவதிப்படாதவர் யார்?

அடுத்தது, நாளைய மாறுதலுக்கு இடம் வைப்பது. சேலத்திலிருந்து 1965 அக்டோபர் 2-ல் தர்மபுரி மாவட்டம் பிரிந்தது. 2004 பிப்ரவரி 9-ல் அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. ஓசூர்க்காரர் தூங்கி எழுந்தார். வேறு மாவட்டத்துக்காரர் ஆகிவிட்டார்! "ஓசூர் என்றால் தர்மபுரி" என்று நூறு இடத்தில் எழுதி வைத்த புரோகிராமில் நூறு இடத்தையும் தேடித் திருத்த வேண்டும். ஒரே பட்டியலில் வைத்திருந்தால் ஓரிடத்தில் திருத்தினால் தீர்ந்தது. ஆனால் அவசரப்பட்டு எல்லாவற்றையும் மாற்றிவிடவும் கூடாது. 1990-ல் ஓசூரில் பதிவான பத்திரத்தில் தர்மபுரி மாவட்டம் என்றே இருக்க வேண்டும். ஆகவே பட்டியலில் ஊருடன் தேதியும் வேண்டும். இதை யோசிக்காதவர்களே அதிகம்.

பிறகு சோதனை. 1996 ஜூன் 4-ல் ஐரோப்பாவின் ஏரியன்-5 ராக்கெட், முதல் பயணத்திலேயே சுமார் 40 வினாடியில் சிதறியது. ஏரியன்-4-ல் நன்றாக ஓடிய புரோகிராம் பகுதியை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். புதிய ராக்கெட்டின் வேகத்தில் ஓர் எண், ஒதுக்கிய இடத்தில் கொள்ளாமல் பெருத்துவிட்டது. ஊர்ப் பெயரைப் போலத்தான்!

நம் ஊரில் சோதிப்பவர்கள் ராக்கெட் விட வேண்டாம். பெயர்ப் பட்டியலை வரிசைப்படுத்தச் சொல்லிப் பார்த்தாலே போதும். அகராதி முறைப்படி "கவிதா" முன்னே, "கனகா" பின்னே வர வேண்டும். னகரம் கடைசி மெய் அல்லவா? யூனிகோடு எண் வரிசையில் னகரம், நகரத்தை ஒட்டி முன்னாலேயே நிற்கிறது. தமிழ் வரிசை விதியைச் சொல்லித் தராத புரோகிராமில் கனகா முந்திக் கொள்வாள்.