'பொறம்போக்கு'க்கு ஆறு ராகம்! எண்ணூர் சாம்பல் மேட்டில் பாடிய சபா வித்வான்

எர்ணாவூர் பக்கம் ஒருத்தனைப் பார்த்து 'பொறம்போக்கு' என்று சொல்லிப் பாருங்கள். சட்டைக் காலரில் கை விழும். முற்றினால் ஸ்டேஷன் வரை போகும்.

அந்த வசவுச் சொல்லை ஆனந்தபைரவியில் எடுத்துப் பாடி, சபா ரசிகர்களைத் திரும்பிப் பார்க்க வைத்தார் பிரபல கர்நாடக சங்கீத வித்வான் டி.எம்.கிருஷ்ணா. பாட்டை எழுதிக் கொடுத்தவர் கபேர் வாசுகி என்ற இளைஞர். சொந்தமாகப் பாட்டுக் கட்டிப் பாடும் புது செட்டைச் சேர்ந்தவர். வயலின் வித்வான் ஆர்.கே.ஸ்ரீராம்குமார் மெட்டுப் போட்டார். ஆனந்தபைரவி, பேகடா, ஹமீர்கல்யாணி, தேவகாந்தாரி, சாலகபைரவி, சிந்துபைரவி என்று ஆறு ராகம். பாஷை மட்டும் நம்ம தெருப் பாஷை!

2017 ஜனவரி 14, பொங்கலன்று படத்தோடு வெளிவந்தது 'சென்னை பொறம்போக்கு பாடல்'. சுற்றுச்சூழலுக்காகப் போராடும் நித்யானந்த் ஜெயராமன் குழுவினரின் முயற்சி இது.

மூக்கில் மாஸ்க்!

மேடை, ஜமக்காளம் எதுவும் கிடையாது. எண்ணூர் கழிவெளி, சாம்பல் மேடு, பின்னால் அனல்மின் நிலையப் புகைபோக்கி. மூக்கில் மாஸ்க் மாட்டிக்கொண்டு நிற்கிறார் வித்வான்.

பொறம்போக்கு என்றால் என்ன? தனி ஆள் பேரில் பட்டா இல்லாத, ஊருக்கே பொதுவான இடம். குளம், ஏரி, மேய்ச்சல் நிலம், ஆற்றோரம், கழிவெளி எல்லாம் அதில் சேர்த்தி. கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் இடமும் அப்படித்தான். இறால், நண்டு, மடவை என்று பல குப்பங்களுக்குச் சோறு போட்ட தண்ணீர் அது. அனல்மின் நிலையச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே அனுப்புகிறார்கள். குழாய் ஒழுகினால் சாம்பல் ஆற்றில்! தூர்ந்துபோன இடத்தில் வெள்ளம் எப்படி வடியும்? மழை வந்தால் வீட்டுக்குள்தான் வரும்.

அமெரிக்காவில் ஒரு ஜோடி

பெரிய கையும் இளவட்டமும் சேர்வது உலகத்துக்குப் புதுசு அல்ல. டெட்ராய்ட் போர்டு கார் கம்பெனியில் கூட்டிப் பெருக்கியவர் ஜான் லீ ஹூக்கர். எலெக்ட்ரிக் கிட்டாரோடு அவர் முதல் ரிக்கார்டு போட்ட 1948-ல்தான் இங்கே அசோக் மோட்டார்ஸ் பிறந்தது. 1970-ல் 'கேன்டு ஹீட்' என்ற ராக் வாலிபர்கள் அவரோடு சேர்ந்து வாசித்தார்கள். 1971-ல் இரட்டை இசைத்தட்டாக வந்தது. அங்கே தொழிலாளிதான் பெரிய கை, வாலிபர்கள் தேடி வந்தார்கள். இங்கே தலைகீழ். சபாவில் இருந்த வித்வான்தான் தொழிற்பேட்டைக்கு இறங்கி வந்தார்.

வாளியோடு ஓடிய ஜனம்

பாட்டு வந்து இரண்டே வாரம். ஜனவரி 28 விடியற்காலை காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெய் நேராக எர்ணாவூர் கரையில் ஒதுங்கியது. கெட்டியான தார்க்குழம்பை உறிஞ்ச முடியாமல் லாரி மிஷின்கள் திணறின. மீனவர்களும் மாணவர்களும் தீயணைப்புப் படையினரும் வரிசையில் நின்று வாளி வாளியாக அள்ளினார்கள். அந்தக் கரையும் பொறம்போக்குதான். அள்ள மட்டும் ஆள் வந்தது.

மார்ச் மாதக் கடைசியில் பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் மூடப்பட்டது. 1970-ல் ஓட ஆரம்பித்த 450 மெகாவாட் நிலையம். பாட்டுக்காக மூடவில்லை, யந்திரங்களுக்கு வயசாகிவிட்டது.

கச்சேரிகளிலும் கிருஷ்ணா அந்தப் பாட்டைப் பாடினார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு மறுபடியும் எண்ணெய் வந்தது. இந்தத் தடவை முகத்துவாரத்துக்குள்ளேயே! படகும் வலையும் கறுத்துப்போய், எண்ணூர் மீனவர்கள் பல நாள் தொழிலுக்குப் போகவில்லை.